கிணற்றுத் தண்ணீர் குடித்த கியர்பொக்ஸ்

வன்னியில் ஓட்டோ கியர் (தானாகக் கியர் மாறும்) கார் வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒருமுறை எழுந்துபோய் றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது மட்டும். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ற் (துருவைத் தடுக்கும் மருந்து கலந்த தண்ணீர்) இருந்தால் நல்லது. வெறும் தண்ணீர் இருந்தால், அதிலும் மேலே எண்ணெய்ப் படை மிதந்தால், கியர்பொக்ஸின் டிப்ஸ்ரிக்கையும் (ஓயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்துப் பாருங்கள். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டரை இலட்சத்துக்கு மேல் காசும், ஒரு சோளகக் (தென்மேற்குக் காற்று) காலம் முழுவதும் எனக்கு மிச்சம்.

நான் தருமபுரம் பக்கம். பாடசாலையில் தொழில்நுட்பப் பாடம் கற்பிக்கிறேன். தண்ணீர்ப் பம்ப், லாண்ட்மாஸ்டர் எஞ்சின் எல்லாம் சின்ன வயதில் இருந்து கழற்றிப் பூட்டிப் பழக்கம். ஆனால் ஓட்டோ கியர்பொக்ஸுக்குள் அதுவரை கை வைத்ததில்லை. கார் டொயோட்டா கொரோலா 121, 1500 சி.சி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்றாலும் புதுக் கார் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டும் விலையில் வரவில்லை. நான் வாங்கியது 2023இல், அந்த நெருக்கடி விலைக்கு. விற்றவர் பொய் சொல்லவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் வளவில் நின்றது என்று சொன்னார். நிற்கும்போது றேடியேற்றருக்குள் என்ன நின்றது என்று அவரும் சொல்லவில்லை, கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியாது.

முதலில் வந்தது ஒரு நடுக்கம். ஏ9 வீதியில் அறுபது எழுபதில் ஒரே சீராகப் போகும்போது காரின் அடியில் இருந்து வரும், அக்சிலேற்றரைச் சற்று விட்டால் போய்விடும். ரயர் பாலன்ஸ் செய்யச் சொன்னார்கள், செய்தேன். பிளக் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அந்தக் காசு இரண்டும் வீண். சீரான வேகத்தில் மட்டும் வந்து, லேசாகப் பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிடும் நடுக்கம் என்றால், எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ரோர்க் கொன்வேற்றரை முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்குள் லொக்-அப் கிளச் என்று ஒன்று உண்டு. வேகம் சீரானதும் அது பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். ஓயில் கெட்டால் முதலில் முறையிடுவது அதுதான். அந்த நேரத்தில் டிப்ஸ்ரிக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் வவுனியாவுக்குப் போகும்போது மாங்குளத்துக்குக் கிட்ட எஞ்சின் மட்டும் சத்தம் போட்டது, கார் போகவில்லை. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் கொஞ்சத் தூரம் நகரும், சூடானதும் திரும்ப அதே கதை. டிப்ஸ்ரிக்கை இழுத்தேன். சிவப்பாகக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டிய ஓயில் ரோஸ் பால் நிறத்தில் நுரைத்துக் கிடந்தது. வயிறு கலங்கியது என்று சொல்வார்களே, அப்படித்தான். கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நடந்தது இதுதான். இந்தக் கார்களில் கியர்பொக்ஸ் ஓயிலை ஆற்றுவதற்குத் தனியாக ஒன்றும் இல்லை. றேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே ஒரு சின்னக் குழாய் ஓடுகிறது, ஓயில் அதற்குள்ளால் போய்வருகிறது. சுற்றிவர இருப்பது றேடியேற்றர் தண்ணீர். அந்தக் குழாயில் ஒரு பொட்டு விழுந்தால் போதும். ஓடும்போது ஓயில் தண்ணீருக்குள் தள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் ஓயிலில் அழுத்தம் இல்லை, சூடான றேடியேற்றரில் மட்டும் அழுத்தம் நிற்கும், அப்போது தண்ணீர் கியர்பொக்ஸுக்குள் போகும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. பொட்டு ஏன் விழுந்தது என்பதற்குப் பதில் எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் வெள்ளைப் பட்டை பிடிக்கும். அதே தண்ணீர் துருவைத் தடுக்கும் மருந்து ஒன்றும் இல்லாமல் றேடியேற்றருக்குள் வருடக்கணக்கில் கொதித்தால், பட்டை பிடித்துச் சூட்டை ஏற்றும், உலோகத்தையும் அரிக்கும்.

கியர்பொக்ஸுக்குள் தண்ணீர் போனால் ஏன் இவ்வளவு நாசம் என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கியது. உள்ளே இருக்கும் கிளச் பிளேற்களின் உரசும் பக்கம் ஒரு வகைக் காகிதம். அதை இரும்புத் தகட்டில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். காகிதம் தண்ணீரை உறிஞ்சும், பசை விடும், பிறகு அந்தக் காகிதம் துண்டு துண்டாக உரிந்து ஓயிலோடு சுற்றி எல்லாத் துவாரத்திலும் போய் அடைக்கும். போன உடனே கண்டுபிடித்து, ஓடாமல் வைத்து, ஓயிலைத் திரும்பத் திரும்ப மாற்றினால் தப்பலாம். நடுக்கத்தோடு மாதக்கணக்கில் ஓடிய கியர்பொக்ஸுக்கு ஓயில் மாற்றுவது வைத்தியம் இல்லை.

கராஜ்களில் கேட்டேன். இங்கே நல்ல கை உள்ள மெக்கானிக்மார் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள். ஆனால் ஓட்டோ கியர் இந்தப் பக்கம் பரவலாக வந்தது 2009க்குப் பிறகுதான். கையால் கியர் போடும் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர்கள்கூட இதைத் தொடப் பயப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக் பாஸ் நேராகவே சொன்னார்: "மாஸ்டர், உதுக்குள்ள கை வையாதேங்கோ. பிரிச்சா ஆயிரம் சாமான். கொழும்பில இருந்து பாவிச்ச பெட்டி ஒண்டை எடுத்துப் பூட்டுவம்." ஒரு கராஜில் பூட்டுக்கூலியோடு 185,000 கேட்டார்கள். பெட்டி எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று தெரியாது, ஓடிக் காட்டுவோம், அதுக்குப் பிறகு பொறுப்பில்லை என்றார்கள். றேடியேற்றரை மாற்றுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கேட்டபோது, அது ஒழுகவில்லைத்தானே என்றார்கள். வெளியே ஒழுகவில்லை, உண்மை. அந்த இடத்தில்தான் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். பழைய றேடியேற்றரோடு புதுப் பெட்டியைப் பூட்டியிருந்தால் அடுத்த வருடம் இதே ஓயில், இதே நிறம்.

கழற்றுவதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, அது பாரம் தூக்கும் வேலை. இரண்டு விஷயம் மட்டும். எங்கள் வளவு மணல், ஜக் வைத்தால் புதையும். காரை உயர்த்தி அதற்கடியில் படுத்து வேலை செய்வதென்றால் ஜக்கை ஒருபோதும் நம்பக்கூடாது. வீட்டில் பங்கர் காலத்துச் சிலிப்பர் கட்டைகள் கிடந்தன. தொண்ணூறில் ரயில் நின்ற பிறகு தண்டவாளத்தில் இருந்து கழன்று, பங்கருக்குள் இருந்து வெளியே வந்து, கடைசியில் கொரோலாவைத் தாங்கின. இரண்டாவது, இந்தக் காரில் கியர்பொக்ஸ் இறங்கும்போது எஞ்சின் மேலே தொங்க வேண்டும். அதற்கென்று விற்கும் இரும்புச் சட்டம் இல்லாததால், முன்பக்கம் குறுக்கே முற்றிய பனங்கட்டை போட்டுச் சங்கிலியால் கட்டினேன். கொன்வேற்றரைப் பிடித்திருக்கும் போல்ட்களை முதலில் கழற்றி, கொன்வேற்றரையும் பெட்டியோடு சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். அதை எஞ்சினோடு விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் இழுத்தால் பெட்டிக்குள் இருக்கும் ஓயில் பம்பின் சீல் போய்விடும்.

பிரிப்பதுதான் எல்லோரும் பயப்படும் இடம், எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். ஆனால் சோளகம் அடிக்கும் நேரம் அது. வெளியே ஒரு தட்டைக் கழுவி வைத்தால் பத்து நிமிடத்தில் புழுதி படியும். வால்வ் பொடி என்று ஒரு பாகம் இருக்கிறது, நுண்ணிய வால்வுகள் ஓயில் அழுத்தத்தில் அங்குமிங்கும் ஓடும் ஒரு அலுமினியக் கட்டி. அதற்குள் ஒரு மணல் துகள் போனால் ஒரு கியர் இல்லை. அதனால் கொட்டிலை விட்டு வீட்டுக்குள் அறைக்கு வந்தேன். யன்னலைப் பூட்டி, விசிறியைப் போடாமல், வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் வேலை. வியர்வை ஒரு பக்கம், அம்மாவின் ஏச்சு ஒரு பக்கம். துடைப்பதற்குப் பழைய சாரம், பனியன் துண்டு ஒன்றும் எடுக்காதீர்கள். நூல் விடும், அந்த நூலே வால்வை இறுக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்துக் காயவைப்பதுதான் முறை.

ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். படம் போதாது. கிளச் பிளேற்களை எந்த ஒழுங்கில் வந்ததோ அதே ஒழுங்கில் கட்டி, எது மேல்பக்கம் என்று எழுதிவையுங்கள். வால்வ் பொடியின் போல்ட்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், நீளம் வேறு. மட்டையில் அதன் உருவத்தைக் கீறி, ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்தில் குத்திவைத்தேன். கிளச்சின் ஸ்பிறிங்கை அமுக்கி உள்ளிருக்கும் வளையத்தைக் கழற்ற ஒரு கருவி வேண்டும். அதைக் கிளிநொச்சியில் ஒரு லேத்தில் 4,500 ரூபாய்க்குச் செய்வித்தேன். ஜீ-கிளாம்பை வைத்துச் சமாளிக்கலாம் என்று காட்டும் வீடியோக்களைப் பார்த்து முயலாதீர்கள், அந்த ஸ்பிறிங் விட்டால் முகத்துக்குத்தான் வரும்.

உள்ளே பார்த்தபோது மனம் விட்டுப்போனது. பல பிளேற்களில் காகிதம் உரிந்திருந்தது, இரும்புத் தகடுகளில் துருப் பொட்டு, கீழ்த் தட்டில் சேறு. அன்றிரவு அறை முழுக்கச் சாமான் பரவிக் கிடக்க, இதைத் திரும்ப ஒரு பெட்டியாக்கக்கூடிய ஆள் இந்த மாவட்டத்திலேயே இல்லை, நானும் இல்லை என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். வீதியால் போகிறவர்கள் எட்டிப் பார்த்து "இன்னும் பூட்டேல்லையே மாஸ்டர்?" என்று கேட்பதும் தொடங்கியிருந்தது. பதில் சொல்லிச் சொல்லிக் களைத்து, படலையைச் சாத்தி வைக்கத் தொடங்கினேன்.

சாமான் எடுப்பதில்தான் உண்மையான அடி விழுந்தது. இந்தப் பெட்டியின் பெயர் யு340ஈ. எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டிலேயே அடித்திருக்கும். அதன் படத்தை அனுப்பித்தான் கொழும்பில் ஒரு கடையில் பிளேற் செற் கேட்டேன். இரவு பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள், விடிய முதல் கிளிநொச்சியில் போய் நின்று எடுத்தேன். பொலித்தீன் உறையை வெட்டிப் பழைய பிளேற்றின்மேல் வைத்துப் பார்த்தால் விட்டம் சரி, பற்களின் எண்ணிக்கை வேறு. உறை திறந்தாயிற்று, திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். 28,000 ரூபாய் அப்படியே போனது. வேறு கடையில் 32,000க்குச் சரியானது கிடைத்தது. பணம் அனுப்பும் முன்பே பழைய பிளேற்றின் படத்தை அளவுகோலோடு அனுப்பி, பற்களை எண்ணி எழுதிக் கேளுங்கள். சாமான் வந்தால் உறையை வெட்டாமல் வெளியே வைத்தே ஒப்பிட்டுப் பாருங்கள். கொழும்பில் இருப்பவர் பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கிவிடுவார். எங்களுக்கு ஒரு தவறான பார்சல் என்றால் ஒரு கிழமை போகும்.

கொன்வேற்றரை வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. வெல்டிங் செய்து மூடிய பொருள், அதற்குள்ளும் அதே காகிதக் கிளச். கழுவி ஊற்றிப் பாவிக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். தண்ணீர் போன கொன்வேற்றரைத் திரும்பப் பூட்டினால் உரிந்த காகிதம் புதுப் பெட்டிக்குள் வரும். வெட்டித் திருத்திய ஒன்றை 48,000க்கு வாங்கினேன். சீல், கஸ்கற் செற் 26,000.

பூட்டும்போது நான் கற்றதில் பெறுமதியானவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். புதுப் பிளேற்களை உலர்ந்தபடி பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும், உளுந்து போல முதல்நாள் இரவே ஓயிலில் ஊறப்போட்டுவிட வேண்டும். ஊசி பெயரிங்குகள் விழாமல் இருக்கக் கிறீஸ் பூசாதீர்கள், வாஸ்லின் பூசுங்கள். அது சூட்டில் ஓயிலோடு கரைந்துவிடும், கிறீஸ் கட்டியாகி ஓட்டையை அடைக்கும். கிளச்சை அமுக்கும் பிஸ்டனின் சீல் உள்ளே இறங்கும்போது விளிம்பு மடியும். அதைத் தள்ளிவிடக் கத்தி, ஸ்குறூட்றைவர் ஒன்றும் வேண்டாம், முல்லைத்தீவுக் கடையில் வாங்கிய தங்கூசியை (மீன்பிடி நைலோன் நூல்) வளையமாக மடித்துச் சுற்றிவர ஓட்டினேன், கீறல் இல்லாமல் இறங்கியது. ஒவ்வொரு கிளச்சையும் பூட்டிய பிறகு அதன் ஓயில் ஓட்டையில் காற்றடித்துப் பாருங்கள், சதுர சென்ரிமீற்றருக்கு நான்கு கிலோ அழுத்தம் போதும். 'டொக்' என்று பிடித்து, காற்றை எடுத்ததும் விட வேண்டும். உஸ் என்று மட்டும் கேட்டால் சீல் மடிந்திருக்கிறது, அந்த இடத்திலேயே திரும்பக் கழற்றுங்கள். பெட்டி மூடிய பிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மலிவு. பிளேற்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளிக்குக் கணக்கு உண்டு, டொயோட்டாவின் வேலைக் கைநூலில் இருக்கிறது. கூடினாலோ குறைந்தாலோ வேறு தடிப்புள்ள தகடு போட்டுச் சரிசெய்ய வேண்டும். அளக்காமல் பூட்டுவதென்றால் பிரித்திருக்கவே தேவையில்லை.

ஓயில் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலனொய்ட்களை, பெட்டியை மூடும் முன் மல்ரிமீற்றரால் அளந்தேன். கியர் மாற்றும் எஸ்1, எஸ்2 இரண்டும் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்எல்ரி 5 ஓமுக்குச் சற்று மேல். என்னுடைய எஸ்1 ஒன்றுமே காட்டவில்லை, தண்ணீர் அதையும் விடவில்லை. பாவித்த ஒன்று தேடி மாற்றினேன். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூடப் போகாது, மீற்றர் இல்லாதவர்கள் பக்கத்து ரேடியோக் கடையில் கேட்டாவது செய்யுங்கள்.

பெட்டியைத் திரும்ப ஏற்றும் முன் கொன்வேற்றர் முழுவதும் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது போலத் தெரியும், இறங்கியிருக்காது. சுழற்றிக்கொண்டே தள்ளினால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இடத்தில் விழும், கடைசியாகப் பிடிப்பது பம்பின் பற்கள். நேரான அடிமட்டத்தைப் பெட்டியின் வாயில் குறுக்கே வைத்து, கொன்வேற்றர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பெட்டி எஞ்சினோடு கையாலேயே ஒட்டிச் சேர வேண்டும். இடைவெளி இருக்கிறதே, போல்ட்டை இறுக்கினால் சேரும் என்று இறுக்கினால் பம்ப் உடையும். வீட்டில் செய்த பல பெட்டிகள் ஓடுவதற்கு முன்பே செத்தது இந்த இடத்தில்தான்.

புது றேடியேற்றர் 34,000, அதற்குப் போகும் ஓயில் குழாய்களும் புதிது. ஓயில் டைப் ரி-4தான், சிவப்பாக இருக்கும் எல்லாமும் ஒன்று என்று விற்பவர்களை நம்பாதீர்கள். கீழால் இறக்கி மாற்றினால் மூன்று லீற்றர் அளவு வெளியே வரும், வெற்றுப் பெட்டிக்கு ஆறு லீற்றருக்கு மேல் போகும். முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாமல், கொஞ்சம் ஊற்றி ஸ்ராட் செய்து, ஒவ்வொரு கியராக மாற்றி, திரும்ப ஊற்ற வேண்டும். ஓயில் எழுபது, எண்பது பாகை சூட்டில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, டிப்ஸ்ரிக்கில் சூட்டுக்கான கோட்டுக்குள் நிற்க வேண்டும். கொஞ்சம் ஓடியபின் திரும்பத் திரும்ப இறக்கி மாற்றினேன், பழையதன் மிச்சம் வராமல் இருக்க. மொத்தம் 16 லீற்றர், 52,000 ரூபாய். வயிறு எரிந்தது.

வீதிக்கு ஏற்றும் முன் வளவிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு நியூட்ரலில் இருந்து டிரைவுக்குப் போட்டால் 1.2 வினாடிக்குள் பிடிக்க வேண்டும், றிவேர்சுக்கு 1.5 வினாடிக்குள். போன் கடிகாரத்தில் அளந்தேன். டிரைவ் உடனே பிடித்தது. றிவேர்ஸ் இரண்டு வினாடிக்கு மேல் எடுத்தது. கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மறுபடி பெட்டியை இறக்குவதா என்று நினைத்தபடியே திரும்பத் திரும்ப மாற்றிப் போட்டேன். உள்ளே நின்ற காற்று வெளியேற வெளியேற நேரம் குறைந்து கணக்குக்குள் வந்தது. அன்று பின்னேரம் பரந்தன்வரை போய்வந்தேன். நான்கு கியரும் விழுந்தன. மழை தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய கருவிகள், வீணாய்ப் போன பிளேற் செற், றேடியேற்றர் எல்லாம் சேர்த்து 260,000 அளவில் முடிந்தது. கட்டி இழுத்த கூலியும், அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஓட்டோவுக்குக் கொடுத்ததும் இதில் இல்லை. பாவித்த பெட்டி 185,000, அதோடு றேடியேற்றரும் போட்டிருந்தால் 220,000க்குள் ஒரு கிழமையில் கார் ஓடியிருக்கும். காசை மட்டும் பார்ப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஆனால் றேடியேற்றரை முதலில் மாற்றச் சொல்லி. காற்றுப் புகாத ஒரு அறை, பொறுமை, கார் இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும் வசதி, இதில் ஒன்று குறைந்தாலும் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

லேத்தில் செய்வித்த ஸ்பிறிங் அமுக்கும் கருவி வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. இந்தப் பக்கத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் தாராளமாகக் கொண்டுபோகலாம். வளையம் கழற்றும் சேர்கிளிப் பிளையரை மட்டும் கேட்கவேண்டாம். அதை ஏற்கெனவே ஒருவர் கொண்டுபோய்விட்டார், இன்னும் திரும்பி வரவில்லை.